விட்டு விட்டுத் தெரிந்த சாலை

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் காலை ஷிப்டுக்கு ஐம்பது பெண்கள் ஏறினாலும் பாஞ்சாலியைத் தனியாகக் காட்டிவிடலாம். உட்கார்ந்ததும் ஜன்னல் கண்ணாடியைச் சாய்வாக ஒரு பார்வை பார்ப்பாள். கீறல் எங்கே, கைரேகை எங்கே என்று கண் தானாக ஓடும். வெளியே யார் போகிறார், எவர் வருகிறார் என்பதெல்லாம் அப்புறம்தான். பதினோரு வருஷம் ஒரே வேலையைச் செய்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

போன் திரைகளின் மேல் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் பிலிமைச் சோதிப்பது அவள் வேலை. விளக்குக்கு அடியில் ஒவ்வொன்றாக வரும். ஓரம் தூக்கியிருந்தால் ரிஜெக்ட். உள்ளே குமிழ் இருந்தால் ரிஜெக்ட். யாராவது நகத்தால் சுரண்டி உரித்துத் தொலைத்திருந்தால் அன்றைக்கு லைன் முழுவதற்கும் பாட்டு விழும். பிலிமை உரிப்பது காசு கொடுத்து வாங்குகிறவர் உரிமை, நம் கை அதில் படவே கூடாது என்பதுதான் சேர்ந்த முதல் நாள் பாடம். பாஞ்சாலி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள் என்று சூப்பர்வைசர் வாயாலேயே பெயர் வாங்கியவள். அவள் கை பட்டுப் போன ஒரு பீஸ்கூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை.

வீட்டில் இருந்த ஒரு ஜோடிக் கண்ணைத்தான் அவளால் சோதிக்க முடியாமல் போயிற்று.

கணவன் ரகுபதி டிரெய்லர் டிரைவர். ஒரகடத்தில் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு கொல்கத்தா வரைக்கும் போய் வருகிறவன். பதினாறு வருஷ ஓட்டத்தில் ஒரு காரின் பம்பரில்கூட அவன் கீறல் விழவிட்டதில்லை. லைசென்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டுப் போன இடத்தில் டாக்டர் வலது கண்ணைப் பொத்தச் சொல்லி, எதிரே சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொன்னார். ரகுபதி, "எந்தச் சுவரு?" என்று கேட்டான்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி இடது கண் எப்போதோ போய்விட்டிருந்தது. வலியில்லை, சிவப்பில்லை, நீர்கூட வடியவில்லை. வலது கண் இரண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் உடையவனுக்கே சேதி தெரியவில்லை. போன பார்வை வராது, மிஞ்சியதைக் காப்பாற்றலாம் என்றார்கள். தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து. நாலு மாதத்துக்கு ஒரு தடவை சோதனை. லாரி மட்டும் இனிமேல் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "யார் மேலயும் ஏத்தாம வுட்டானே கடவுளு." அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் பேச்சு அளந்து அளந்துதான் நடந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு வேறு. சமைப்பான், துவைப்பான், பால் வாங்கி வருவான். ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. டிரெய்லர் உள்ளே நுழையும் போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற வாட்ச்மேனை யார் வைத்துக்கொள்வார்கள்? நாலே நாளில் திரும்பி வந்துவிட்டான்.

பாஞ்சாலியோடு அதே லைனில் மிஷின் டெக்னீஷியனாக இருந்தாள் கவிப்பிரியா. படப்பைப் பெண், இருபத்து நாலு வயது, லீவு நாளெல்லாம் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவள். ஒரு நாள் டீ பிரேக்கில் போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். ஸ்டீயரிங், வைப்பர், மழை, பக்கத்துக்கு ஒரு சைடு கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்குள் பின்னால் வளைந்து வரும் நீள டிரெய்லர்.

"இது கேமா?"

"ஆமாக்கா. லாரி ஓட்ற கேமு. லோடு ஏத்தி ஊர் ஊரா கொண்டுபோய் வுடணும்."

பாஞ்சாலி கொஞ்ச நேரம் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தாள். பிறகு கேட்டாள். "ஒரு கண்ணு இருந்தா ஓட்ட முடியுமா?"

கவிப்பிரியாவுக்கு ரகுபதி கதை தெரியும். "ஸ்கிரீன் தட்டையாதானேக்கா கீது. ரெண்டு கண்ணு இருக்கறவனுக்கும் அதுல ஆழம் தெரியாது. ஒரு கண்ணு தாராளமா போதும்."

இந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்டினாலும் தகும் என்று பாஞ்சாலிக்குத் தோன்றியது.

கோயில் கட்டும் அளவுக்கு அந்தப் பெண் மேலும் ஒன்று செய்தாள். கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து காட்டும் தன்னுடைய பழைய கிராபிக்ஸ் கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். எவ்வளவு என்று கேட்டதற்கு முறைத்தாள். மற்ற சாமான்களுக்கும், பழைய ஸ்டீயரிங் செட் ஒன்றுக்கும் அவளே பட்டியல் எழுதிக் கொடுத்தாள். கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள்.

"ரொம்ப ஆசப்படாதீங்கக்கா. அஞ்சு வருஷத்து கார்டு. செகண்டுக்கு அறுபது படம் வரணும்னு வீடியோல பேசுவாங்க, அது இதுல வராது. மீடியம் செட்டிங்ல அம்பது வரும். அம்பது வந்தாலே ரோடு வழுக்கினு போவும். இருபதுக்கு கீழ போனா உதறும்."

திரையில் சாலை ஓடுவதில்லை, தனித்தனிப் படங்கள் வரிசையாக வந்து ஓடுவது போலக் காட்டுகின்றன, வரிசை தளர்ந்தால் உதறுகிறது என்பது லைனில் நிற்கிறவளுக்கு உடனே விளங்கிவிட்டது. சாமான்கள் வந்து சேர்ந்ததும், கம்ப்யூட்டர் பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே பூட்டினாள். கையுறை போட்டுக்கொண்டு, போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூட்டினாள். ஒரு திருகுகூட மிஞ்சவில்லை. ரகுபதி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். "இன்னாமே பண்ற?" என்று நாலு தடவை கேட்டான். "பொறு மாமா" என்று நாலு தடவையும் சொன்னாள்.

மறுநாள் மாலை அவனை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தாள். திரையில் டிப்போ வந்தது. அவன் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியை எப்படித் திருப்புவது என்று முதலில் கேட்டான். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, முகப்புக்கு மேல் உள்ள சின்னக் கண்ணாடி எல்லாவற்றையும் மெல்ல மெல்ல நகர்த்தி, தன் டிரெய்லரின் கடைசிச் சக்கரம் தெரிந்த பிறகுதான் கியரில் கை வைத்தான். அவன் தோள் நிமிர்ந்ததைப் பாஞ்சாலி பார்த்தாள். இரண்டு வருஷமாக அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்தத் தோளைத்தான். சாமி படத்தைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள்.

டிப்போவைத் தாண்டும் வரை ஒழுங்காக ஓடியது. நெடுஞ்சாலையில் ஏறி இரண்டு நிமிஷம் ஆனதும் படம் உதற ஆரம்பித்தது. முன்னால் போன கார் ஓர் இடத்தில் நின்று, அடுத்த கணம் பத்தடி தள்ளித் தெரிந்தது. சுங்கச்சாவடித் தூண் திடீரென்று பக்கத்தில் வந்தது. டிரெய்லர் இடித்துக்கொண்டு நின்றது.

ரகுபதி கண்ணைக் கசக்கினான். "இன்னாமே, படம் வுட்டு வுட்டு வருதா?"

வந்தது. அவள் கண்ணாலேயே பார்த்தாள். ஆனால் அந்தத் தோளையும் பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா? மட்டமான பெட்டியை வாங்கிவிட்டோமோ என்று குன்றிப் போனவள், வாய் தவறி ஒரு பொய்யைச் சொன்னாள்.

"இல்லியே மாமா. நல்லாதானே ஓடுது."

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, "ஆமா, நல்லாதான் ஓடுது" என்றான்.

இப்படியாக அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் மனசு ஒருவர் நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்கள். கவிப்பிரியா பஸ்ஸில், "எப்டிக்கா ஓடுது, அம்பது வருதா?" என்று கேட்டபோது, இனாமாகக் கார்டு கொடுத்தவளிடம் குறை சொல்வதா என்று பாஞ்சாலி அவளிடமும், "வருதுமா, சூப்பரா வருது" என்று சொல்லி வைத்தாள். நல்ல மனசுக்காரர்கள் கூடினால் ஒரு சின்ன விஷயத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினார்கள்.

ரகுபதி தினமும் உட்கார்ந்தான். முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை மணி, பிறகு பத்து நிமிஷம். தொடங்கும்போது சரியாகத் தெரியும் சாலை, கொஞ்ச நேரத்தில் விட்டு விட்டுத் தெரியும். கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பாஞ்சாலி தன் பங்குக்குக் களத்தில் இறங்கினாள். காலை ஷிப்ட் வாரங்களில் விடிகாலை நாலு மணிக்கு அவன் பால் வாங்கப் போனதும் பெட்டியைப் போடுவாள். நொடிக்கு எத்தனை படம் என்று திரையின் மூலையில் காட்டும் எண்ணை வரவழைத்தாள். கம்பெனிப் பழக்கப்படி நோட்டில் கட்டம் போட்டாள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று எழுத வேண்டும். நிழலைக் குறைத்தாள். பத்தொன்பது இருந்தது இருபது ஆனது. தண்ணீரில் தெரியும் பிம்பத்தை நிறுத்தினாள். இருபது. மரங்களை மொட்டையாக்கினாள். இருபதே. படத்தின் தெளிவையே பாதியாக்கினாள். சாலை வெளுத்த லுங்கி மாதிரி ஆனதே தவிர எண் அசையவில்லை. தலைகீழாக நின்று பார்த்தாலும் ஐம்பது வராது போலிருந்தது. எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, பால் செம்போடு அவன் வருவதற்குள் பெட்டியை அணைப்பாள்.

அதற்கிடையில் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த தேதி கடந்து போயிருந்தது. கேட்டதற்கு, "போலாம், போலாம்" என்றான். அடுத்த வாரமும் போகலாம் என்றான். இரண்டு மாதம் ஓடிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மெட்டீரியல் வராமல் லைன் நின்றது. பத்து மணிக்கே அனுப்பிவிட்டார்கள். பாஞ்சாலி வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. ரகுபதி கட்டிலருகே நின்றிருந்தான். கண்ணை இறுக மூடியிருந்தான். ஒரு கை சுவரைத் தடவ, வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தான். "ஒம்போது... பத்து... பதினொண்ணு..." பதினாலாவது அடியில் திரும்பினான். குழாய் கைக்குத் தட்டுப்பட்டது. குடத்தை வைத்துத் திறந்து, காதைச் சாய்த்து, தண்ணீர்ச் சத்தம் மாறியதும் மூடினான். ஒரு சொட்டு வழியவில்லை. பல நாள் பழகிய கை.

பாஞ்சாலி பையை வாசற்படியிலேயே வைத்தாள்.

"இன்னா மாமா பண்ற?"

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். மறைக்க வழியில்லாமல் குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தான். "இதுவும் போவுது பாஞ்சாலி. கேம்ல உக்காந்தா கொஞ்ச நேரம் நல்லா தெரியுது. அப்பால வுட்டு வுட்டுதான் தெரியுது. உன்ன கேட்டேன், நல்லா ஓடுதுன்ன. அப்ப கோளாறு என்கிட்டதானே? ஆஸ்பத்திரிக்கி போனா அவங்க வாயால சொல்லிடுவாங்க. சொல்றதுக்கு முன்னாடி வூட்ட பழகிக்கலாம்னு பாத்தேன்."

பாஞ்சாலி அவன் எதிரே குந்தினாள். "அய்யோ மாமா, அது பொட்டியோட கோளாறு. எனக்கும் அப்டிதான் தெரிஞ்சிது. பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

அவன் சிரித்தான். அவள் பயந்தபடியே, நம்பாத சிரிப்பு. "சரி மே. எனக்காவ சொல்ற. மொத கண்ணு போனதே எனக்கு தெரியல. இது போறத நா எப்டி நம்பாம இருப்பேன்?"

ஒரு தடவை சொன்ன பொய், இப்போது மெய்யைச் சொல்ல விடாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வாயால் சொல்லி இனிப் பயனில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நோட்டையும், அதற்கு அடியில் வைத்து எழுதும் பரீட்சை அட்டையையும் எடுத்தாள்.

கம்பெனியில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சோதிக்கிறவர்களையே சோதிப்பார்கள். குறை உள்ளது என்று முன்பே தெரிந்த பீஸ்களை நல்லவற்றோடு கலந்து அனுப்புவார்கள். எத்தனை பிடித்தாய், எத்தனை விட்டாய், நல்லதை எத்தனை தடவை கெட்டது என்றாய் என்று கணக்குப் பார்ப்பார்கள். பதினோரு வருஷமாக அந்தச் சோதனையில் உட்கார்ந்தவள், இன்று முதல் தடவையாக எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வண்டிய எடு. படம் எப்பல்லாம் உதறுதோ, அப்பல்லாம் 'ம்'முனு சொல்லு. வேற எதுவும் பேசாத."

எண் தெரியும் மூலைக்கும் அவனுக்கும் நடுவே அட்டையைச் சுவர் போல நிறுத்திப் பிடித்தாள். அவளுக்கு எண் தெரியும், அவனுக்குத் தெரியாது. எண் பதினைந்துக்குக் கீழே விழும் ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஒரு கோடு போட்டாள். அவன் 'ம்' சொன்னால் அந்தக் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டாள். எண் விழாமல் அவன் 'ம்' சொன்னால் பெருக்கல் குறி போட வேண்டும். முதல் இரண்டு நிமிஷம் இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். பிறகு எண் சரிந்தது. "ம்." மறுபடி சரிந்தது. "ம்." கை வலித்தது, அட்டையை மாற்றவில்லை. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு போதும் என்று நிறுத்தினாள். நோட்டை அவன் மடியில் வைத்தாள்.

நாற்பத்தொரு கோடு. நாற்பது வட்டம். பெருக்கல் குறி ஒன்றுகூட இல்லை.

"மிஷினு நாப்பத்தொரு தடவ உதறிச்சி. நீ நாப்பது தடவ சரியா புடிச்ச. உதறாதப்ப ஒரு தடவ கூட வாய் தொறக்கல. எங்க லைன்ல இந்த மார்க்கு எடுத்தவ எவளும் இல்ல மாமா."

அவன் விரலால் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். வட்டம் இல்லாத கோட்டில் விரல் நின்றது. "இது இன்னா?"

"வுட்டுட்ட."

கொஞ்சம் யோசித்தான். "தும்முனேன்" என்றான்.

அதைச் சொன்ன பிறகுதான் அவன் முகம் உடைந்தது. நோட்டை மூடி மடியிலேயே வைத்துக்கொண்டான். பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டான். "அப்ப அன்னிக்கி ஏம்மே நல்லா ஓடுதுன்னு சொன்ன?"

"உன் தோளு நிமிர்ந்துச்சி மாமா. அது மறுபடி வுழுந்துடுமோன்னு பயந்துட்டேன்."

திங்கட்கிழமை பஸ்ஸில் கவிப்பிரியாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கார்டைப் பற்றிப் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டுக் கட்டத்தைப் பார்த்ததும் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"அக்கா, எல்லாத்தையும் குறைச்சும் நம்பர் ஏறலன்னா கார்டு மேல குத்தமே இல்ல. கார்டு சும்மா குந்தினு கீது. கணக்கு போட்ற பிராசஸர்தான் தெணறுது. சூடு எவ்ளோ காட்டுது?"

அன்று மாலை பாஞ்சாலி பெட்டியைப் போட்டுப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு டிகிரி காட்டியது. "கொதிக்குது. ஃபேன கழட்டி பாருங்க" என்று போனில் வந்தது கவிப்பிரியாவின் குரல்.

பாஞ்சாலி பிராசஸர் மேல் பூட்டியிருந்த ஃபேனைக் கழற்றித் திருப்பினாள். சூட்டை வாங்க வேண்டிய செம்புத் தகட்டின் மேல், சூட்டைக் கடத்தும் பசையெல்லாம் பூசி மெழுகிய நிலையில், கண்ணாடி போன்ற ஒரு பிலிம் ஒட்டியிருந்தது. ஓரத்தில் சிவப்பு எழுத்தில், பூட்டும் முன் உரிக்கவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவளுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. பூட்டிய அன்று அந்த பிலிமை அவள் பார்த்தாள். விளக்கில் சாய்த்தே பார்த்தாள். குமிழ் இல்லை, ஓரம் தூக்கவில்லை. மனசுக்குள் ஓகே போட்டு, நகம் படாமல் பத்திரமாகப் பூட்டினாள்.

உரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஏதோ செட்டிங் மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். ரகுபதி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். ஆனால் பொய் சொல்லி அவள் பட்டது போதாதா? பிலிமோடு ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னாள். தலையைத் தூக்காமல் நின்றாள்.

ரகுபதி பிலிமைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி பிலிமைப் பார்த்தான். துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். உட்கார்ந்து சிரித்தான். பக்கத்து வீட்டு மரகதம் என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். இரண்டு வருஷத்தில் அவள் கேட்காத சிரிப்பு. தன் பெயரில் திரும்பி வந்த முதல் ரிஜெக்டுக்கு இப்படி ஒரு கூலியா என்று அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது.

"நீயே உரி" என்று நீட்டினான்.

உரித்தாள். பழைய பசையைத் துடைத்து, பசைக் குழாயில் மிச்சமிருந்ததைப் பூசி மறுபடி பூட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறி இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். எண் நாற்பத்தெட்டில் நின்றது. சாலை வழுக்கிக்கொண்டு போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவிப்பிரியா நேரிலேயே வந்து ஒவ்வொரு செட்டிங்காகப் பார்த்தாள். "அண்ணா, சைடு மிரர்தான் ரொம்ப சாப்புடுது. அதுக்குள்ள ரோட்டையே இன்னொரு தடவ வரையணும் இல்ல? மிரர லோவுல வெச்சா அறுபது வந்துடும். எல்லாரும் மொதல்ல அததான் குறைப்பாங்க."

"எல்லாரும் டிரைவர் இல்லியேமா" என்றான் ரகுபதி. "நிழல எடுத்துக்கோ. மேகத்த எடுத்துக்கோ. மரம் மொட்டையா இருந்தா எனக்கின்னா? கண்ணாடில மட்டும் கை வெக்காத. பின்னாடி எவன் வரான்னு தெரியாம அறுபது வந்து இன்னா பண்றது?"

மேகமில்லாத வானத்துக்கு அடியில், நிழலில்லாத சாலையில், கண்ணாடியை மட்டும் முன்பைவிடத் துல்லியமாக வைத்து அவன் ஓட்டினான். எண் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. அவன் அதற்கு மேல் கேட்கவுமில்லை.

திங்கட்கிழமை காலை அவனே சொன்னான். "இன்னிக்கி லீவு போடு. ஆஸ்பத்திரிக்கி போலாம்."

பஸ்ஸில் போகும்போது இரண்டு பேருக்கும் பயம் இருந்தது. நாற்பது வட்டம் அவள் போட்டது, ஆஸ்பத்திரி போட்டதல்ல. பெட்டியின் உதறலைக் கண் பிடித்தது சரி. கண்ணழுத்தம் எங்கே எதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று நோட்டுக் கோடு சொல்லாது. இருட்டறையில் இடது கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். பாஞ்சாலி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வைதேஹி புதுக் காகிதத்தைப் போன தடவைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்ப்பது போலிருந்தது.

"மனசு நோவும்னு பாக்காதீங்க டாக்டர். இருக்கறத சொல்லுங்க" என்றான் ரகுபதி.

"இருந்தபடியே இருக்கு. கொஞ்சமும் குறையல. மருந்து விடாம போட்டிருக்கீங்க, அது கண்ணுல தெரியுது. ஆனா ரெண்டு மாசம் தள்ளி வந்தீங்களே, அதுக்கு உங்களைத் திட்டணும்."

"திட்டுங்க டாக்டர்" என்றான் அவன் முகமெல்லாம் பல்லாக.

வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாஞ்சாலிக்கு அழுகை நிற்கவில்லை. யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாத அழுகை அது. காலையும் மாலையும் மறக்காமல் அவன் தலையை மடியில் சாய்த்துச் சொட்டு விட்டது அவள் கைதான் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது.

"உனக்கு நா இன்னாமே செய்யப்போறேன்" என்றான். எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கண்ணு போவுதுன்னு நெனச்சிகினு இருந்தேன் பாரு, அந்த ரெண்டு மாசம் ரோட்ட பத்தி ஒரு நாளும் நெனைக்கல. நீ ஷிப்டு முடிஞ்சி வந்து மத்தியானம் படுத்துனு இருப்ப. பக்கத்துல குந்தினு உன் மூஞ்சிய பாப்பேன். பாத்து வெச்சிக்கணும் இல்ல."

பாஞ்சாலி அழுகையை நிறுத்தினாள். "பாத்து வெச்சிகினியா?"

"வெச்சிகினேன்."

"இன்னா பாத்த?"

"இடது புருவத்துல ஒரு சின்ன தழும்பு கீது. கல்யாணம் ஆயி பதினேழு வருஷம், எனக்கு தெரியவே தெரியாது."

பாஞ்சாலி கையைத் தூக்கிப் புருவத்தைத் தடவிப் பார்த்தாள். இருந்தது.